ஆளில்லாத காசியின் முன் நின்று பேசுவது எப்படி?

தில்லியில் ஒரு காட்சிக்கூடத்தில் வழிகாட்டியாகச் சேர்ந்த மூன்றாம் நாள், ராம் குமாரின் காசி ஓவியம் ஒன்றின் முன் பதினைந்து பேரை நிறுத்திவைத்துப் பேசினேன். சாம்பலும் பழுப்புமாகக் கட்டம் கட்டமாக அடுக்கிய கித்தான். வலது பக்கம் சின்னதாக ஓர் ஆரஞ்சுத் தீற்று. "இது எரியும் சிதை. இது மரணத்தின் நகரம்" என்றேன். கூட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவர் காசிக்காரர். "பேட்டா, சிதை எங்கே தெரியுது?" என்று கேட்டார். மடக்குவதற்காகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே பார்க்க வேண்டியிருந்தது. என்னால் காட்ட முடியவில்லை. நான் சொன்னது படத்திலிருந்து வந்ததல்ல, முந்தைய இரவு படித்த கட்டுரையிலிருந்து வந்தது.

அன்று எனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். ஓவியத்தைப் பற்றி நான் சொல்லும் எந்த வாக்கியத்துக்கும், கித்தானில் ஓர் இடத்தைக் கைகாட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த வாக்கியத்தைச் சொல்லக்கூடாது. புதிதாகச் சேருபவர்களுக்கு நான் சொல்லித்தருவது பெரும்பாலும் இந்த ஒரு சட்டத்தைத்தான். அருங்காட்சியகக் கல்விப் பிரிவு, தனியார் கேலரி, ஏல நிறுவனத்தின் பட்டியல் எழுத்து, கொச்சி பியனாலே போன்ற விழாக்களில் பார்வையாளரோடு நடந்து பேசும் பணி என எங்கே போனாலும் இது உதவும்.

அதிலும் அரூப நிலக்காட்சிதான் புதியவர்களைத் திணறடிக்கும். முகச்சித்திரம் என்றால் பார்வையாளர் பிடித்துக்கொள்ள ஒரு முகம் இருக்கிறது. முழு அரூபம் என்றால், இதில் பொருள் எதையும் தேட வேண்டாம் என்று ஒரு நிமிடத்தில் ஒப்புக்கொள்வார்கள். அரூப நிலக்காட்சி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஏதோ ஓர் ஊர் இருக்கிறது என்று கண் சொல்கிறது. அது எந்த ஊர், எங்கே வீடு, எங்கே வானம் என்று தேடினால் கைக்கு வருவதில்லை. அந்த எரிச்சலோடுதான் உங்களிடம் வருவார்கள்.

ராம் குமாரையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். பயிற்சிக்கு இவரைவிடப் பொருத்தமான ஓவியர் இந்தியாவில் குறைவு என்பது என் எண்ணம். 1924-இல் சிம்லாவில் பிறந்தார். தில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். பாரிஸில் ஆந்த்ரே லோத்திடமும் ஃபெர்னான் லெஜேயிடமும் ஓவியம் கற்றார். இந்தியில் சிறுகதைகளும் எழுதினார். எழுத்தாளர் நிர்மல் வர்மா இவருடைய தம்பி. 1950களில் இவர் வரைந்தவர்கள் நகரத்து மனிதர்கள்: வேலையில்லாத பட்டதாரிகள், அகன்ற கண்களோடு வெறித்து நிற்கும் நடுத்தர வர்க்கத்தினர். 1960களின் தொடக்கத்தில் எம்.எஃப். ஹுசைனோடு காசிக்குப் போனார். அதன்பின் இவருடைய ஓவியங்களிலிருந்து மனிதர்கள் மறைந்தார்கள். இந்தியாவிலேயே ஜனநெரிசல் மிகுந்த படித்துறைகளைப் பார்த்துவிட்டு வந்து, ஆளே இல்லாத ஊரை வரைந்தார். 2018-இல் இறக்கும்வரை அவர் வரைந்ததில் பெரும்பகுதி நிலக்காட்சிதான்.

இந்தத் தகவல்கள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இவற்றை வைத்துப் பேச்சைத் தொடங்கக்கூடாது.

முதலில் கண்

கதவு திறப்பதற்கு அரை மணி முன்பே வாருங்கள். கையில் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் போதும். பேனாவைச் சட்டைப்பையில்கூட வைத்திருக்கக் கூடாது. ஓவியத்துக்குப் பக்கத்தில் மை எப்போதும் ஆபத்து. ஒரே படத்தின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஓர் ஓவியத்தின் முன் ஒருவர் செலவிட்ட நேரம் சராசரியாக 27.2 விநாடி. பாதிப்பேர் 17 விநாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். உங்கள் பத்து நிமிடத்தில் அவர்கள் பார்க்காமல் போகும் எல்லாமே இருக்கிறது. உங்கள் சம்பளம் அதற்குத்தான்.

மூன்று தூரங்களில் நின்று பாருங்கள். அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தால் பெரிய பிரிவுகள் தெரியும்: எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம், எந்தப் பக்கம் கனம். நடுத்தூரத்தில் வடிவங்கள் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன, எங்கே ஒன்று மற்றொன்றின்மேல் ஏறுகிறது என்பது புலப்படும். கயிறு அனுமதிக்கும் அளவு நெருங்கினால், கை எப்படி அசைந்தது என்று தெரியும்.

இந்த மூன்றாவது தூரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ராம் குமார் தூரிகையோடு பேலட் கத்தியையும் நிறையப் பயன்படுத்தியவர். கத்தி செய்யும் வேலை வேறு. அது வண்ணத்தைத் தட்டையாக அப்பும். நின்ற இடத்தில் மெல்லிய வரப்பு ஒன்றை விட்டுப்போகும். வேகமாக இழுத்தால் மேல்வண்ணம் அறுபட்டு அடிவண்ணம் எட்டிப்பார்க்கும். பழைய வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்து அதன்கீழே முந்தைய பூச்சு தெரியுமே, அதே மாதிரி. கவனியுங்கள், ஓவியர் பெயர்ந்த சுவரை வரையவில்லை. சுவர் எப்படிப் பெயருமோ அப்படி வண்ணத்தைப் பெயர வைத்திருக்கிறார். அரூப நிலக்காட்சி நிலத்தைக் காட்டும் வழிகளில் இது முக்கியமானது: நிலத்தின் உருவத்தை விட்டுவிட்டு அதன் தன்மையைப் பிடித்துக்கொள்வது. இதைக் கூட்டத்திடம் சொல்லும்போது உங்களால் இடத்தைக் காட்ட முடியும். அவர்களும் குனிந்து பார்ப்பார்கள். அதுவரை கைபேசியில் இருந்த பையன்கூட எட்டிப்பார்ப்பான்.

அடுத்தது தொடுவானம். வழக்கமான நிலக்காட்சியில் தொடுவானக் கோடு பார்ப்பவருக்கு நிற்க ஓர் இடம் தருகிறது. கண் மட்டத்தில் கோடு, கீழே தரை, மேலே வானம். அந்தக் கோட்டை மேலே தள்ளினால் தரை நிமிர்ந்து சுவராகிறது. முழுக்க எடுத்துவிட்டால், காலுக்குக் கீழே எதுவும் இல்லை. 1960களின் காசி ஓவியங்கள் பலவற்றில் கட்டடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மேல்விளிம்பை நோக்கி ஏறிக்கொண்டே போகின்றன. பார்ப்பவருக்கு மூச்சு முட்டுவதன் காரணம் "மரணம்" பற்றிய தத்துவம் அல்ல. அவருக்கு நிற்க இடமில்லை, அவ்வளவுதான். தத்துவம் வேண்டுமானால் அங்கிருந்து புறப்படலாம்.

நோட்டில் இதை எல்லாம் பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லுமாக எழுதுங்கள். "ஆழமான", "அற்புதமான" என்று எழுதினால் அடித்துவிடுங்கள். கைகாட்ட அவற்றுக்கு இடமில்லை.

விவரச்சீட்டைக் கடைசியில் படியுங்கள்

சுவரில் ஒட்டிய சிறு சீட்டில் "வாராணசி" என்று ஒரு சொல் இருக்கும். அதைப் படித்த கணமே படம் மூடிக்கொள்கிறது. நம் ஊர்க்காரர்களிடம் இது இன்னும் வேகமாக நடக்கும். காசி நமக்கு வெறும் ஊர் இல்லை. பாரதி இளமையில் சில ஆண்டுகள் தங்கிய ஊர், கேதார கட்டத்தில் குமரகுருபரர் வழிவந்த மடம் இருக்கும் ஊர், வீட்டில் யாரோ ஒருவருக்காகக் கங்கையில் பிண்டம் கரைத்த ஊர். அந்தப் பெயரைக் கேட்டதும் மோட்சம், சாம்பல், பாவம் தீர்வது எல்லாம் தாமாக வந்து கித்தான்மேல் உட்கார்ந்துகொள்ளும். அவை பொய் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அவை பார்வையாளர் வீட்டிலிருந்து கொண்டுவந்தவை. படம் தந்தது எது, வீட்டிலிருந்து வந்தது எது என்று பிரித்துவைக்க உதவுவது உங்கள் பொறுப்பு. அதனால் குழுவைச் சீட்டுக்கு எதிர்ப்பக்கமாக நிறுத்துங்கள். தலைப்பைப் பத்தாவது நிமிடத்தில் சொல்லுங்கள்.

தலைப்போடு சேர்த்து ஊரின் அமைப்பையும் சொல்லுங்கள். இங்கேதான் தகவல் தன் வேலையைச் செய்யும். காசியில் கங்கை பிறை போல வளைந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. நகரம் முழுக்க மேற்குக் கரையில் நெருக்கியடித்து நிற்கிறது. எதிர்க்கரையில் படித்துறை இல்லை, கோபுரம் இல்லை, வெறும் மணல்வெளி. அதாவது, அந்த ஊரே நெரிசலும் வெறுமையுமாக இரண்டாகப் பிளந்த ஊர். இப்போது படத்துக்குத் திரும்புங்கள். ஒரு பக்கம் அடர்ந்த கட்டங்கள், மறுபக்கம் வெளிறிய வெறும் பரப்பு. ஓவியர் கற்பனையில் பிடித்த சமன்பாடு என்று நினைத்தது, படகில் உட்கார்ந்தவர் கண்ணால் கண்டதாகவும் இருக்கலாம். "இருக்கலாம்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஓவியர் இதைத்தான் நினைத்தார் என்று அடித்துச் சொல்ல உங்களுக்கும் எனக்கும் உரிமை இல்லை.

முதலில் பார்ப்பது, பிறகு பொருள் சொல்வது என்ற இந்த வரிசை தொல்காப்பியம் படித்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கே வாழ்வனவும் வழங்குவனவும் கருப்பொருள், உணர்வு உரிப்பொருள். புதியவர்கள் உரிப்பொருளிலேயே பேச்சைத் தொடங்கிவிடுகிறார்கள்: "துயரம்", "தனிமை". முதலில் எந்த நிலம், என்ன வெளிச்சம் என்று கேளுங்கள். பிறகு அங்கே என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள். ராம் குமாரிடம் அந்த இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில் வியப்பானது. கருப்பொருளில் பாதியை அவர் அகற்றிவிட்டார். குளிப்பவர், பூசாரி, பசுமாடு, குடை, கடை எதையும் காணோம். இருக்க வேண்டியவர்கள் இல்லை என்பதைக் கூட்டமே கண்டுபிடிக்கும்போது, உணர்வு தானாக வந்து சேரும். நீங்கள் அதற்குப் பெயர் வைக்கத் தேவையில்லை.

கேள்வி கேட்கும் கலை

உளவியலாளர் அபிகெயில் ஹவுசனும், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்வி இயக்குநராக இருந்த ஃபிலிப் யெனவைனும் உருவாக்கிய முறை ஒன்று இந்தத் தொழிலில் பரவலாக உள்ளது. மூன்றே கேள்விகள். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? இன்னும் என்ன தெரிகிறது? இரண்டாவது கேள்விதான் உயிர். என் கைகாட்டும் சட்டமும் அதுவும் ஒன்றே.

ஆனால் அரூப நிலக்காட்சியின் முன் முதல் கேள்வி சறுக்கும். "ஒண்ணும் நடக்கல" என்று சொல்லிவிடுவார்கள். அதனால் நான் வேறு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்: "இந்த இடத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?" ஒருவர் படகில் என்பார், ஒருவர் மொட்டைமாடியில் என்பார், ஒரு குழந்தை விமானத்தில் என்று சொல்லும். எதையும் மறுக்காதீர்கள். ஒவ்வொருவரையும் எது அப்படி நினைக்க வைத்தது என்று காட்டச் சொல்லுங்கள். படகுக்காரர் கீழ்ப்பட்டையைக் காட்டுவார். விமானக் குழந்தை, கூரைகள் மட்டும் தெரிவதைக் காட்டும். மூன்று பேருடைய பதிலும் ஒரே படத்துக்குள் இருக்கிறது என்றால், அந்தப் படத்துக்கு ஒரே பார்வைக் கோணம் இல்லை என்று பொருள். க்யூபிசம் என்ற சொல்லை அப்போது அறிமுகப்படுத்தலாம். பாரிஸ், லோத், லெஜே எல்லாம் அதற்குப் பிறகு வரலாம். சொல் முன்னால் வந்தால் பாடம் ஆகிவிடும். அனுபவத்துக்குப் பின்னால் வந்தால் அதற்கு ஒரு பெயர் கிடைத்த மகிழ்ச்சி ஆகும்.

"என் பேரனே இதைப் போடுவானே" என்பவர் கட்டாயம் வருவார். அவரிடம் வாதாடாதீர்கள், சிரித்தும் மழுப்பாதீர்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. திறமையை எங்கே பார்ப்பது என்று அவர் கேட்கிறார். ஒரு சாம்பல் கட்டத்தைக் காட்டி, அது ஒரே சாம்பலா என்று கேளுங்கள். நெருங்கிப் பார்த்தால் நீலம் கலந்தது, பழுப்பு கலந்தது, பச்சை தட்டியது என்று நாலைந்து பிரியும். அவற்றில் ஒன்றை விரலால் மறைத்ததாக நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதாவது தொடாமல், ஓரடி தள்ளி, காற்றில். படம் ஒரு பக்கம் சாய்வதை அவரே உணர்வார். சில சமயம் உணராமலும் போவார். அதுவும் சரி. அவர் இன்னொரு நிமிடம் நின்றார் இல்லையா?

விலை கேட்பவருக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் அலுவலகத்தைக் காட்டுங்கள். அங்கே நீட்டி முழக்க எதுவும் இல்லை.

காகிதத்தில் மையால் வரைந்தவை இருக்கும் அறைக்குள் போனதும் "ஏன் இவ்வளவு இருட்டு?" என்ற முறையீடு வரும். காகித ஓவியங்களுக்குப் பொதுவாக 50 லக்ஸ் அளவு வெளிச்சமே பாதுகாப்பு. எண்ணெய் வண்ணத்துக்கு 200 வரை போகலாம். கண் பழக ஓரிரு நிமிடம் ஆகும் என்று சொல்லி, அந்த நேரத்தை வாசலில் நின்று பேசிக் கழியுங்கள்.

எழுதும் வேலை

பட்டியலும் சுவர்ச்சீட்டும் எழுதும் பணிக்குப் போகிறவர்களின் மாதிரிகளை நிறையப் படித்திருக்கிறேன். பத்தில் எட்டு இப்படி இருக்கும்: "வாழ்வுக்கும் மரணத்துக்கும் இடையிலான நித்தியப் பயணத்தை ஆழமாகத் தேடும் படைப்பு." இந்த வரியை எந்த ஓவியத்தின் அடியில் வேண்டுமானாலும் ஒட்டலாம். அதனால்தான் அது பயனற்றது.

அதே படத்துக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: "கட்டடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மேல்விளிம்புவரை ஏறுகின்றன. வானத்துக்கு மிஞ்சியது விரற்கடை அளவு. கீழே ஒரு வெளிறிய பட்டை, நதியாக இருக்கலாம். 1950களில் நகரத்து மனிதர்களையே வரைந்துவந்த ராம் குமார், காசியை வரையத் தொடங்கியபின் மனிதர்களை விட்டுவிட்டார். வண்ணத்தைக் கத்தியால் இழுத்த இடங்களில் அடிவண்ணம் தெரிகிறது, பெயர்ந்த சுவர்ப்பூச்சு போல. சன்னல் எங்காவது இருக்கிறதா, தேடிப் பாருங்கள்." அறுபது சொல்லைத் தாண்டவில்லை. கடைசி வரி படிப்பவரின் கண்ணைச் சீட்டிலிருந்து கித்தானுக்குத் திருப்பி அனுப்புகிறது. சீட்டின் வேலை அதுதான்.

ஆண்டைச் சரிபார்க்காமல் ஒரு வரியும் எழுதாதீர்கள். ஓவியர் எஸ்.எச். ராசாவின் எந்தப் படத்தைக் கண்டாலும் "பிந்து, பிரபஞ்சம்" என்று எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ராசா 1950-இல் பாரிஸுக்குப் போனவர். பிரெஞ்சுக் கிராமங்களின் வீடுகளையும் மரங்களையும் வரைந்து, 1960களில் அவற்றைத் தளர்ந்த வண்ண வீச்சுகளாகக் கரைத்தவர். பிந்து எனும் வட்டப்புள்ளி அவருடைய படங்களின் மையமானது 1970களின் பிற்பகுதியிலிருந்துதான். 1963-ஆம் ஆண்டுப் படத்தில் பிந்துவைத் தேடினால், முன்னால் இருக்கும் பிரெஞ்சு மாலை வெளிச்சம் தெரியாமல் போகும். அக்பர் பதம்சி கதை இதற்கு நேர்மாறு. 1970 வாக்கில் தொடங்கிய அவருடைய "மெட்டாஸ்கேப்" வரிசையில் சூரியனும் சந்திரனும் வருவதற்கு, காளிதாசனின் சாகுந்தலத்து நாந்திச் செய்யுளை அவரே காரணமாகச் சொல்லியிருக்கிறார். அங்கே இலக்கியத்தைக் கொண்டுவர உங்களுக்கு முழு உரிமை உண்டு. மூவரும் நிலக்காட்சி வரைந்தவர்கள், ஒரே தலைமுறை, நண்பர்கள். ஒருவருக்குப் பொருந்தும் சாவி மற்றவர் பூட்டைத் திறக்காது.

ஓவியத்தின் பின்பக்கத்தையும் பார்க்கக் கேளுங்கள். ராம் குமாரின் பல ஓவியங்களில் கையெழுத்தும் ஆண்டும் பின்னால்தான் இருக்கும். பழைய கண்காட்சிச் சீட்டுகள், சட்டகம் செய்தவரின் முத்திரை எல்லாம் அங்கே ஒட்டியிருக்கும். ஆனால் கையுறையும் பதிவாளரின் அனுமதியும் இல்லாமல் சட்டகத்தைத் தொட்டால் அன்றோடு வேலை போகும்.

எப்படி உள்ளே நுழைவது? பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்திலும், தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கலை அழகியல் பள்ளியிலும் கலை வரலாறு படிக்கலாம். மும்பை பாவ் தாஜி லாட் அருங்காட்சியகம் நவீன இந்தியக் கலைக்கும் காட்சியமைப்புக்கும் பட்டயப் படிப்பு நடத்தியிருக்கிறது. பட்டம் இல்லாமல் வந்தவர்களையும் நான் அறிவேன். அவர்கள் ஆசிரியர்களாக, மேடை நடிகர்களாக இருந்தவர்கள். கூட்டத்தைக் கையாளும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கனவே இருந்தது, பார்க்கும் பழக்கத்தை இங்கே வந்து வளர்த்துக்கொண்டார்கள். தாய்மொழியில் தடுமாறாமல் பேசத் தெரிவது பெரிய பலம். குழுவில் தமிழோ வங்காளமோ பேசுபவர்கள் வந்தால், ஆங்கிலப் பட்டதாரிகள் ஒதுங்கி நின்று உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

நேர்காணலில் பெரும்பாலும் ஒரு படத்தின் முன் நிறுத்திப் பேசச் சொல்வார்கள். உடனே வாய் திறக்காதீர்கள். "ஒரு நிமிடம் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். நான் தேர்வுக் குழுவில் உட்கார்ந்த நாட்களில், அந்த ஒரு நிமிடத்தைக் கேட்டவர்களுக்குத்தான் முதலில் மதிப்பெண் போட்டேன்.

மாதிரியாகக் கொண்டுபோக ஒரே ஓவியத்துக்கு மூன்று சீட்டுகள் எழுதுங்கள்: பத்து வயதுக் குழந்தைக்கு ஒன்று, முதல்முறை வருபவருக்கு ஒன்று, ஏலப் பட்டியலுக்கு ஒன்று. தில்லியில் இருந்தால் ஜெய்ப்பூர் ஹவுஸில் 1954 முதல் இயங்கும் தேசிய நவீனக் கலைக்கூடத்துக்குப் போங்கள். திங்கட்கிழமை விடுமுறை. ஒரே படத்தை மூன்று வெவ்வேறு நாட்களில் பாருங்கள்.

அந்த ஆரஞ்சுத் தீற்றை நான் மறுபடி பார்த்தது ஏழெட்டு மாதம் கழித்து. ஓவியத்தின் நிலையைப் பதிவு செய்ய, பாதுகாப்பாளர் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். வண்ணத்தின் மேடு பள்ளமெல்லாம் நிழலோடு எழுந்து நின்றது. ஆரஞ்சு மேலே வைத்த வண்ணம் இல்லை. அது அடியில் இருந்தது. அதன்மேல் சாம்பலைப் பூசி, ஓரிடத்தில் மட்டும் கத்தியால் வழித்து எடுத்திருந்தார் ராம் குமார். நான் தீ என்று காட்டிய அந்த இடம், சாம்பலுக்கு முன்பே அங்கே இருந்த ஒன்று. காசிக்காரப் பெரியவர் இப்போது வந்து கேட்டால், சிதை என்று சொல்லமாட்டேன். அவரைப் பக்கவாட்டில் வந்து நிற்கச் சொல்வேன்.